ஓர்சன் வெல்ஸின் 'விசாரணை'யை மறுபடி பார்ப்பது எப்படி

பெயரைப் பார்த்து வெற்றிமாறனின் படம் என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். நான் சொல்லப்போவது ஃபிரான்ஸ் காஃப்காவின் நாவலை வைத்து ஓர்சன் வெல்ஸ் 1962இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தைப் பற்றி. ஒருதரம் பார்த்துவிட்டு ஒன்றும் விளங்கவில்லை என்று ஒதுக்கியவர்கள், பாதியில் நித்திரையாகிப் போனவர்கள், நாவலை நாற்பதாம் பக்கத்தில் கவிழ்த்து வைத்தவர்கள், இது உங்களுக்குத்தான். இன்னும் பார்க்காதவர்கள் இப்போதைக்கு வாசிக்க வேண்டாம். கடைசிக் காட்சி வரைக்கும் சொல்லிவிடப் போகிறேன்.

நான் சினிமா படித்தவள் இல்லை. திருகோணமலையில் ஓர் அரச அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் தட்டெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இந்தப் படம் முதலில் என் கைக்கு வந்தது 2003இல், கொழும்பிலிருந்து யாரோ கொண்டுவந்த ஒரு சீடியாக. பார்த்தேன் என்று சொல்வதும் சரியில்லை. பத்து நிமிடம் ஓடியிருக்கும், எழும்பிப் போய் நிறுத்திவிட்டேன். ஒருவன் கட்டிலில் கண் விழிக்கிறான், அறைக்கதவைத் திறந்துகொண்டு ஆட்கள் உள்ளே வருகிறார்கள். கதை தொடங்குவதே அங்கேதான். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு விடியற்காலை வந்திருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில், தம்பிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பிடித்துக்கொண்டு போய், நாலு நாள் கழித்துத்தான் அவனை வெளியே விட்டார்கள். எதற்குக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று போகும்போதும் சொல்லவில்லை, விடும்போதும் சொல்லவில்லை.

அதனால் மறுபடி பார்க்க எனக்கு இருபது வருடத்துக்கு மேல் எடுத்தது. அண்மையில்தான் முழுதாகப் பார்த்தேன், அதன்பிறகு இன்னும் இரண்டு தரம். இந்தப் படத்தை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று எனக்குப் பிடிபட்டதை எழுதுகிறேன்.

முதல் வேலை, நல்ல பிரதி தேடுவது. பல வருடமாக மங்கிப்போன, தேய்ந்த பிரதிகள்தான் கைமாறிக்கொண்டிருந்தன. 2022இல் புதுப்பித்த பிரதி வெளிவந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், ஒன்று ரோணியோ என்ற படியெடுக்கும் இயந்திரத்தில் சுற்றிய நூறாவது தாள், மற்றது தட்டச்சில் இருந்து உருவி எடுத்த முதல் தாள். பழையதில் இருட்டு என்றால் வெறும் கரி. புதியதில் இருட்டுக்குள் ஆட்கள் நிற்பது தெரிகிறது. 2003இல் நான் பார்த்ததில் பாதிப் படத்தைக் கரி தின்றிருந்தது.

அடுத்தது டீவி. திரை நிறைய வேண்டும் என்று படத்தைப் பெருப்பித்துப் போட்டால் மேலும் கீழும் வெட்டுப்படும். இந்தப் படத்தில் அதைச் செய்யவே கூடாது, ஏனென்றால் கூரை இதில் ஒரு நடிகர் மாதிரி. நாயகன் யோசப் கே.யாக வரும் அந்தனி பேர்கின்ஸ் நெடிய மனிதர். அவருடைய அறைக் கூரையோ தலையில் முட்டுகிற உயரம். கமராவைத் தாழ்வாக வைத்து அந்தக் கூரையைக் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அதை வெட்டிவிட்டால் ஆட்கள் வெறுமனே கதைத்துக்கொண்டிருப்பது மட்டும்தான் மிஞ்சும். நிறத்தைக் கூட்டிக் காட்டும் அமைப்பு ஏதும் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். ஆங்கிலப் படம்தான், இருந்தாலும் ஆங்கில உபதலைப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். பல பாத்திரங்களுக்கு வெல்ஸ் தானே பின்குரல் கொடுத்திருக்கிறார், வாயசைவும் சத்தமும் எல்லா இடத்திலும் ஒட்டாது. அது உங்கள் டீவியின் பிழை இல்லை.

இனி நாவல். மறுபடி பார்ப்பதற்கு முன் முழுவதையும் வாசித்துத்தான் ஆகவேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏ. வி. தனுஷ்கோடி ஜெர்மனிலிருந்தே நேரடியாகத் தமிழுக்குக் கொண்டுவந்த மொழிபெயர்ப்பு இருக்கிறது, அதிலேயே வாசியுங்கள். கைதாகும் முதல் அத்தியாயம், ஞாயிற்றுக்கிழமை முதல் விசாரணைக்குப் போவது, ஓவியர் டிட்டொரெல்லியின் அறை, தேவாலயத்தில் பாதிரியார் சொல்லும் கதை, கடைசி அத்தியாயம். இவ்வளவும் போதும். காஃப்கா 1914இலும் 1915இலும் எழுதி முடிக்காமல் விட்ட நாவல் இது. அவர் 1924இல் இறந்தபின், அடுத்த வருடம் நண்பர் மாக்ஸ் பிரோட் அத்தியாயங்களைத் தானே வரிசைப்படுத்தி வெளியிட்டார். வரிசையே நண்பர் போட்ட வரிசை என்னும்போது, வெல்ஸ் அதை மாற்றிவிட்டார் என்று கோபிக்க ஒன்றுமில்லை. நாவலில் பக்கம் எங்கே, படத்தில் காட்சி எங்கே என்று விரல் வைத்து ஒப்பிட்டுக்கொண்டு பார்த்தால் இரண்டும் கெட்டுப்போகும். ஒப்பிட ஆசையென்றால் அதற்கு வேறு படம் இருக்கிறது. 1993இல் டேவிட் ஜோன்ஸ் இயக்கியது, ஹரோல்ட் பின்டர் திரைக்கதை. பிராகாவிலேயே எடுத்தார்கள், நாவலை ஒட்டியே போகிறது. எனக்கு அதில் கொட்டாவி வந்தது.

முதல் அத்தியாயத்தை வாசிக்கும்போது ஓர் இடத்தை மட்டும் தவறவிடாதீர்கள். வந்த ஆட்களிடம் காட்டுவதற்கு கே. தன் அடையாளப் பத்திரத்தைத் தேடுகிறான். பதற்றத்தில் கைக்கு முதலில் அகப்படுவது சைக்கிள் லைசென்ஸ். அதைக் கொண்டுபோய்க் காட்டலாமா என்றுகூட யோசிக்கிறான். நம் ஊரிலும் ஒரு காலத்தில் சைக்கிளுக்கு வருடா வருடம் லைசென்ஸ் எடுத்தோமே, தகரத்தில் இலக்கம் அடித்துத் தருவார்கள். இந்த வரியை வாசித்தபோது நான் சிரித்துவிட்டேன். சிரித்தபின்தான், இது சிரிக்கிற இடம்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

சிரிக்கிற இடம்தான். காஃப்கா இந்த அத்தியாயத்தை நண்பர்களுக்கு வாசித்துக் காட்டியபோது எல்லாரும் அடக்க முடியாமல் சிரித்தார்கள், அவரே சிரித்துச் சிரித்து மேலே வாசிக்க முடியாமல் நின்றார் என்று பிரோட் எழுதியிருக்கிறார். அந்த அறையில் இருந்த சிரிப்பு நமக்கு வந்து சேரவில்லை. காஃப்கா என்றாலே முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும் என்று யாரோ பழக்கிவிட்டார்கள். அதே முகத்தோடு படத்துக்கு முன் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் செத்த வீட்டில் இருப்பது போல்தான் இருக்கும். ஆகவே இரண்டாம் முறை பார்க்கும்போது விளங்குகிறதா என்று பார்க்காதீர்கள். எங்கே சிரிப்பு வருகிறது என்று பாருங்கள்.

நான் ஒரு கொப்பியும் பேனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன், தொழில் பழக்கம். சிரிப்பு வந்த இடத்தில் எல்லாம் ஒரு கோடு. முதல் காட்சியிலேயே மூன்று. ஃபோனோகிராஃப் என்று சொல்ல வந்து கே. நாக்குளறிப் போர்னோகிராஃப் என்கிறான், அது ஒன்று. அறை நிலத்தில் ஒரு வட்டத் தடம், நாலு ஓட்டை. முந்திக் குடியிருந்த பல் வைத்தியரின் கதிரை பொருத்தியிருந்த இடம் அது. அதைப் பெரிய தடயமாக எடுத்துக்கொள்கிறார்கள், இரண்டு. அதன் வடிவத்தைச் சொல்ல 'ஓவ்யூலர்' என்று ஒரு சொல் வருகிறது. அப்படி ஒரு சொல் உண்டா இல்லையா என்று வாக்குவாதம், மூன்று. என்ன குற்றம் என்ற கேள்வி இதற்குள் எங்கேயோ போய்விடுகிறது.

தம்பி இப்போது டொரன்டோவில். இந்தக் காட்சியை அவனுக்குச் சொன்னேன், ஃபோனில். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அக்கா, என்னட்டையும் இப்படித்தான் கேட்டவங்கள்" என்றான். நாலு நாளும் அவனிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்வியாம். உன் சைக்கிளில் லைட் இல்லை, பிறகு எதற்கு டைனமோ? லைட் உடைந்து ஒரு மாதமாகிறது, புதியது வாங்கக் காசில்லை, அவ்வளவுதான். அதைச் சொன்னால் நம்பவில்லை. முப்பது வருடத்தில் இதை அவன் எங்கள் யாருக்கும் சொன்னதில்லை. சொல்லிவிட்டுச் சிரித்தான், நானும் சிரித்தேன்.

சரி, படத்துக்கு வருவோம்.

சிரிப்புக்கு அடுத்து இடங்களைக் கவனியுங்கள். வாசல்களையும் அறைகளையும். முதல் தடவையில் எல்லாரும் தடுக்கி விழுவது இங்கேதான்: இவன் எங்கே நிற்கிறான், இங்கே எப்படி வந்தான்? நாவலில் ஞாயிற்றுக்கிழமை விசாரணைக்கு வரச்சொல்கிறார்கள், நேரம் சொல்லவில்லை. கே. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் கதவு கதவாகத் தட்டி, லான்ஸ் என்று இல்லாத ஒரு தச்சனின் பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டு ஏறுகிறான். கடைசியில் துணி துவைக்கும் ஒருத்தி, உள்ளே போ என்று வழி காட்டுகிறாள். நீதிமன்றம் உள்ளே இருக்கிறது! வெல்ஸ் இந்தப் படியேற்றத்தை எல்லாம் விட்டுவிட்டார். படத்தில் கே. நாடக அரங்கில் இருக்கிறான், ஒரு துண்டுச் சீட்டு வருகிறது, எழும்பிப் போகிறான், அவ்வளவுதான். ஆனால் அந்த அலைச்சலை வேறு விதமாகத் திருப்பித் தருகிறார். ஒரு கதவு ஸாக்ரெபில் திறக்கும், மறுபக்கம் பாரிஸ். படிக்கட்டு மட்டும் உரோமில். மூன்று நாட்டில் எடுத்ததை ஒரே கட்டடம் போல ஒட்டியிருக்கிறார்.

இது கனவில் நடப்பது என்று படத்தின் தொடக்கத்திலேயே வெல்ஸின் குரல் சொல்லிவிடுகிறது, கனவின் தர்க்கம்தான் இந்தக் கதையின் தர்க்கம் என்று. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. இதற்குக் கனவு காணத் தேவையில்லை, திருகோணமலையில் இருந்தால் போதும். பிரட்றிக் கோட்டை வாசலுக்குள் போய்ப் பாருங்கள். முதலில் மான்கள் படுத்துக் கிடக்கும். மானைத் தாண்டினால் இராணுவ முகாம். முகாமைத் தாண்டி ஏறினால் கோணேசர் கோயில், கீழே கடல். போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அந்தக் கல்லில்தான் கோட்டையைக் கட்டினார்கள், இன்றைக்குக் கோயிலுக்குப் போக அந்தக் கோட்டைக்குள்ளால்தான் போகவேண்டும். அருச்சனைத் தட்டோடு சோதனைச் சாவடியில் வரிசையில் நின்ற காலமும் இருந்தது. வெளியூரில் இருந்து முதல் தடவை வருகிறவருக்கு இதை விளக்கிப் பாருங்கள், கனவு சொல்வது போல்தான் இருக்கும். எங்களுக்கு அது வெள்ளிக்கிழமை.

திருகோணமலை வரச்சொல்லவில்லை. மறுபடி பார்ப்பதற்கு முதல் நாள், உங்கள் ஊரில் ஒரு பழைய அலுவலகத்துக்குள் ஒருதரம் நடந்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்கிறேன். எந்தக் கதவு எங்கே போகிறது, எந்தக் கதவு எப்போதும் பூட்டு, காத்திருக்கும் வாங்கு எங்கே கிடக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்தால் டிட்டொரெல்லியின் அறையில் ஆச்சரியம் வராது, ஆமாம் என்று தலையாட்டுவீர்கள். கே. அந்த ஓவியனின் பலகைக் கூட்டுக்குள் இருந்து தப்பி வெளியேறினால், வந்து நிற்பது நீதிமன்ற நடைகூடத்தில். பலகை இடுக்குகளில் சிறுமிகளின் கண்கள்.

இந்த இடங்கள் வெல்ஸுக்குக் கிடைத்த விதத்தையும் தெரிந்து வைத்திருங்கள், படத்தின் பாதி ருசி அதில் இருக்கிறது. அவர் செற் போட்டுத்தான் எடுக்க நினைத்திருந்தார், தயாரிப்பாளரிடம் காசு தீர்ந்துவிட்டது. பாரிஸ் ஹோட்டல் ஜன்னலில் விடியும் முன் நின்று பார்க்கும்போது வானத்தில் இரண்டு நிலா தெரிந்தது என்பார். நிலா இல்லை, கார் தோர்சே ரயில் நிலையத்தின் இரண்டு மணிக்கூடுகள். உடனே இறங்கிப் போனாராம். 1900இல் திறந்த நிலையம் அது. ரயில்கள் நீண்டுகொண்டே போக மேடையின் நீளம் போதாமல் போய்க் கைவிட்டுவிட்டார்கள். 1945இல் போர்க் கைதிகளும் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களும் திரும்பி வந்து இறங்கியது அங்கேதான். இன்றைக்கு அது ஓர்சே அருங்காட்சியகம், 1986இலிருந்து. சட்டத்தரணியாக வெல்ஸ் ஆவி பறக்கும் துவாயை முகத்தில் போட்டுக்கொண்டு கட்டிலில் கிடக்கும் காட்சியையும், கழுத்தில் இலக்கம் தொங்க அரை நிர்வாணமாக முதியவர்கள் நிற்கும் காட்சியையும், இதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். அந்த முதியவர்களைப் பார்க்கும்போது மட்டும் என் கொப்பியில் கோடு விழவில்லை.

எங்கள் ரயில் நிலையம் சின்னது, பாதை அதோடு முடிகிறது, அங்கால் கடல். கொழும்புக்கு இரவு ரயிலில் பத்திரங்களைக் கட்டிக்கொண்டு எத்தனை தரம் போயிருப்பேன் என்று கணக்கில்லை. பிறப்புச் சான்றிதழில் என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. அதைத் திருத்த ஆறு வருடம். பிழை விட்டது இன்னொரு தட்டெழுத்தாளர் என்பதுதான் வேடிக்கை.

அதனால் கே. வேலை செய்யும் வங்கிக் காட்சி எனக்கு மற்றவர்களுக்குப் போல இல்லை. ஒரு பெரிய மண்டபம், கண்ணுக்கு எட்டின மட்டும் மேசைகள், எண்ணூறுக்கு மேல் என்கிறார்கள், ஒவ்வொன்றிலும் ஒருவர் குனிந்து தட்டச்சு அடிக்கிறார். ஸாக்ரெபுக்கு வெளியே ஒரு கண்காட்சி மண்டபத்தில் எடுத்தது. விமர்சகர்கள் இதை மனிதர் இயந்திரமாவது என்று எழுதுவார்கள். நான் கேட்டது சத்தத்தை. எங்கள் அறையில் ஐந்து ரெமிங்டன், மூன்று தமிழ், இரண்டு ஆங்கிலம். ஐந்துக்கே மழைக்காலத்தில் தகரக் கூரைக்குக் கீழ் இருப்பது போல் இருக்கும். இந்தக் காட்சி வரும்போது ஒருதரம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பிறகு பின்னால் தள்ளிப்போய், படம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் அந்த ஒற்றை இசையைக் கேளுங்கள். அல்பினோனியின் அடாஜியோ என்று பெயர் பெற்றது, உண்மையில் 1958இல் வெளிவந்த ரெமோ ஜியாசோட்டோவின் ஆக்கம். யாருடையது என்பதிலேயே பொய் இருக்கும் ஓர் இசை. இந்தக் கதைக்கு வேறு எதைப் போடுவது?

எல்லாவற்றையும் ஒரே இருப்பில் பார்த்துத் தீர்க்கவேண்டும் என்று இல்லை. இரண்டு மணிக்குக் கொஞ்சம் குறைவுதான், ஆனாலும் நான் மூன்றாக வெட்டினேன். அரங்கில் இருந்து எழும்பிப் போகும் வரை ஓர் இரவு. சட்டத்தரணி வீட்டுக் காட்சிகள் மறு இரவு. ஓவியனும் முடிவும் மூன்றாம் இரவு. இடையில் ஒரு நீளக் காட்சி வரும், காலில் பட்டி கட்டிய ஒரு பெண் பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு வெறும் வெளியில் போய்க்கொண்டே இருப்பாள், கே. பின்னால் கதைத்துக்கொண்டே போவான். அலுக்கும். அலுக்கட்டும், ஓட்டிவிடாதீர்கள். இங்கே இடம்பெயர்ந்தவர்கள் பெட்டி இழுத்ததைப் பார்த்தவர்களுக்கு அது அலுக்காது.

கடைசி இரவைத் தனியே பார்க்காதீர்கள். நான் தம்பியோடு பார்த்தேன், இங்கே இரவு ஒன்பது, அங்கே காலை பதினொன்றரை, ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி ஒன்றாக ஓடவிட்டோம். நாவலில் இரண்டு பேர் கே.யைக் கல்லுடைக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்க் கத்தியால் குத்துகிறார்கள், ஒரு நாயைப் போல என்று சொல்லிக்கொண்டே சாகிறான். ஐரோப்பாவில் யூதர்களுக்கு நடந்ததற்குப் பிறகு அந்த முடிவைத் தன்னால் எடுக்க முடியாது என்றார் வெல்ஸ். படத்தில் குத்த வந்தவர்களால் குத்த முடியவில்லை. குழிக்குள் கிடக்கும் கே. சிரிக்கிறான், பெரிதாக, அவர்களைப் பார்த்து. அவர்கள் மேலே நின்று வெடிமருந்தைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். புகை எழுகிறது. அது அணுகுண்டுப் புகையா என்று நிறையப் பேர் சண்டை பிடித்திருக்கிறார்கள், வெல்ஸ் அப்படி நினைத்து எடுக்கவில்லை என்றார். அந்தச் சண்டைக்குள் போகாதீர்கள். சிரிப்பைக் கேளுங்கள். கொப்பியில் நான் போட்ட கோடுகள் எல்லாம் அங்கே போய்த்தான் சேர்ந்தன.

படம் முடிந்ததும் டீவியை நிறுத்திவிடாதீர்கள். பெயர்ப் பட்டியல் எழுத்தில் ஓடாது, வெல்ஸ் வாயால் ஒவ்வொரு நடிகராகச் சொல்லி, கடைசியில் தன் பெயரையும் சொல்லி முடிப்பார். நாங்கள் அதுவரைக்கும் இருந்தோம். குரல் நின்றது. டொரன்டோவில் ஒரு கேத்தில் கொதிக்கும் சத்தம் கேட்டது.

"சைக்கிளைத் தந்தவங்கள் அக்கா," என்றான் தம்பி. "டைனமோவைத் தரேல்ல."